கன்னத்தின் உட்புறம்

நல்லம்மாள் இறந்த பிறகும் நான் வீட்டுக்குள் நுழையும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் நுழைந்தேன். பழகிவிட்டது. கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, கூடத்தைத் தாண்டிய பிறகுதான் மெல்ல மூச்சை இழுப்பேன். ஒன்றும் இருக்காது. டெட்டால், சோறு, கோமளாவின் பவுடர். அவ்வளவுதான்.

என் மனைவி நல்லம்மாளுக்கு வலது கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். வயது இருபத்தெட்டு. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாவோடு பால் வெட்டப் போனவள். விடியுமுன் வெறும் வயிற்றோடு மரங்களுக்குள் இறங்கும் பெண்கள் வெற்றிலையை மென்று கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்கள். பசி தெரியாது. குளிர் தெரியாது. புகையிலை சேர்ந்தால் தூக்கமும் தெரியாது. என்னைக் கட்டிக்கொண்டு ஈப்போ நகரத்துக்கு, சிலிபின் பகுதிக்கு வந்த பிறகும் அவள் அதை விடவில்லை.

கடைசி மாதங்களில் புண் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதன் பிறகு அந்த நாற்றம். உறைந்த ரப்பர் கட்டிப்பால் மூட்டைகளை மழையில் போட்டு வைத்தால் ஒரு நாற்றம் வரும். அதில் பாதி அப்படி. மீதிப் பாதியை எதனோடும் ஒப்பிட முடியவில்லை. பக்கத்து வீட்டில் சன்னலைச் சாத்தினார்கள். என் மகள் கோமளாவுக்கு அப்போது நான்கு வயது. அறை வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் பேசினாள். நல்லம்மாள் கோபப்படவில்லை. போ என்று கையை மட்டும் அசைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொன்னார், நாற்றம் புற்றுநோயுடையது அல்ல என்று. அதில் குடியேறிய கிருமிகளுடையது. காற்று படாத இடத்தில் வாழ்பவை. செத்த சதையில் பெருகுபவை. மாத்திரை கொடுத்தார். சில நாட்களில் நாற்றம் அடங்கியது. நல்லம்மாள் தலை வாரிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். கோமளா மடியில் ஏறினாள். கிருமி போய்விட்டது, இனி நோயும் போய்விடும் என்று நினைத்தேன். இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியன் நான். அப்படித்தான் நினைத்தேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தீபாவளிக்கு முன் அவள் இறந்தாள்.

*

அவள் தங்கை வீரம்மா கோமளாவைப் பார்த்துக்கொள்ள வந்தாள். தோட்டத்தை முதலாளிகள் துண்டு துண்டாக விற்ற பிறகு அவளும் அப்பா சன்னாசியும் ஈப்போவிலேயே புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்கள். காலையில் நான் பள்ளிக்குக் கிளம்புமுன் பஸ்ஸில் வந்துவிடுவாள். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுப் போவாள்.

ஒரு வருடம் அப்படிப் போனது. பிறகு மாமனார் ஒரு நாள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தை பொறந்தா முடிச்சிடலாம் மாப்ளே. வெளிய ஒருத்தி வந்தா புள்ளைய எப்படிப் பாப்பாளோ. வீரம்மான்னா நம்ம ரத்தம்."

அக்காள் போனால் தங்கை. எங்கள் ஆட்களிடையே இது புதிதல்ல. யாரும் தவறாகப் பேச மாட்டார்கள். கட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் தவறாகப் பேசுவார்கள்.

"வீரம்மாவைக் கேட்டீங்களா மாமா?"

"கேட்டா என்னா சொல்லப் போவுது? இங்கதான இருக்கு."

அவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "எனக்கு வேற எங்கயும் போவணும்னு இல்ல லா. அத வச்சி என்னைய ஏலம் போடாதீங்க."

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் என்னிடம் எதைக் கேட்டாலும் அப்படித்தான் இருந்தது.

அந்த வாரம் ஒரு மாலை, கோமளா ரொட்டிக்காரரைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முக்காலியை சைக்கிளாக்கி, மூக்கால் ஹாரன் அடித்து, "ரொத்தீ... பெங்காலீ" என்று கூவினாள். பின்வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த வீரம்மா தலையை மேலே எறிந்து சிரித்தாள். வெயில் நேராக அவள் வாய்க்குள் விழுந்தது.

வலது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக இருந்தது.

நான் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தேன்.

"வீரம்மா, வாயைத் திற."

"என்னா மச்சான்?"

"திற."

அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். பிறகு கோமளா பார்ப்பதைப் பார்த்து, விளையாட்டுப் போலத் திறந்தாள். ரப்பர் பால் மரப்பட்டையில் காய்ந்து ஒட்டியதைப் போல ஒரு திட்டு. கட்டை விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. அக்காளுக்கு இருந்த அதே இடம்.

"சுண்ணாம்பு சுட்டிருக்கும்."

"எவ்வளவு நாளா?"

"வாய்க்குள்ள எல்லாம் கண்ணாடியில பாப்பாங்களா? தெரில."

கோமளா ஓடி வந்து, "எனக்கும் பாருங்கப்பா" என்று வாயைத் திறந்தாள். பார்த்தேன். இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஒன்றும் இல்லாமல் இருந்தது. அதன் பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

*

பல் மருத்துவப் பிரிவில் டாக்டர் லியோங் என்ற சீனப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். வீரம்மாவிடம் மலாயில் பேசினார். "ஜாங்ஙான் தாக்குட்" என்றார் முதலில். பயப்படாதே. அதைச் சொன்னவுடன் வீரம்மாவின் கை நாற்காலிக் கைப்பிடியை இறுக்கியது.

மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொன்னார். வைத்தாள். சரி என்றார். வாய் திறக்கும் அளவைப் பார்ப்பது அப்படித்தானாம். பிறகு ஒரு மரக்குச்சியால் வெள்ளைத் திட்டைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தேய்த்து உள்ளே எடுத்துப் போனார். நாங்கள் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். பிறகு கூப்பிட்டார்.

"பூஞ்சைக் கிருமி இருக்கிறது. எல்லார் வாயிலும் இருப்பதுதான். உன் வாயில் அந்த இடத்தில் வேர் விட்டிருக்கிறது."

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அதுதான் காரணமா?

"தெரியாது. தோல் கெட்டதால் கிருமி குடிவந்ததா, கிருமி குடிவந்ததால் தோல் கெடுகிறதா, எது முதல் என்று யாருக்கும் தெரியாது. வெற்றிலையும் புகையிலையும் கெடுக்கும். அது மட்டும் நிச்சயம்."

"இது புற்றா?"

"வெள்ளையை மட்டும் பார்த்தால் எனக்குப் பெரிய பயம் இல்லை. வெள்ளைக்கு நடுவே சிவப்பு வந்தால், தொட்டால் கெட்டியாக இருந்தால், பயம்."

கிருமிக்கு ஊதா மருந்து ஒன்று தடவச் சொன்னார். வெற்றிலை, புகையிலை தொடக் கூடாது. மருந்து தீர்ந்ததும் திரும்ப வர வேண்டும். திட்டு அப்படியே இருந்தால் சிறு துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும்.

பஸ்ஸில் வீரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஓர் இருக்கை விட்டு நான்.

"அக்கா வாயிலயும் இதே பூச்சிதான?"

"பூச்சி இல்ல. கிருமி."

"என்னா வித்தியாசம்?"

நான் டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்.

"எல்லார் வாயிலயும் இருக்குன்னு டாக்டர் சொன்னாங்கள்ல."

"எல்லாரும் அக்கா மாரி சாவலையே மச்சான்." வெளியே பார்த்தபடி, "அக்காதான் எனக்குப் பழக்கி விட்டுச்சு. எனக்கு அப்ப கடவாப் பல்லு விழுந்து மொளச்சிக்கிட்டு இருக்கு. மெல்ல வராது. அது மென்னு, பாதிய எடுத்து என் வாயில வைக்கும். வாளியத் தூக்கிக்கிட்டே நடப்போம், ஆளுக்குப் பாதி" என்றாள்.

கல்யாணமான புதிதில் நல்லம்மாள் அப்படி எனக்கும் தந்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே தந்தாள். நானும் வாங்கிக்கொண்டேன். அதை நான் வீரம்மாவிடம் சொல்லவில்லை. நாக்கால் என் வலது கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். பிறகு இடது கன்னத்தை. வீடு வந்து சேரும் வரை தடவிக்கொண்டே இருந்தேன்.

*

நான்காம் படிவ வகுப்புக்கு உயிரணு பாடம். பல்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, நீலச்சாயம் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் செய்வதுதான். மாதிரிக்கு என் கன்னத்தைத்தான் சுரண்டுவேன்.

அந்த ஆண்டு முதலில் நானே கண்ணை வைத்தேன். தட்டையான உயிரணுக்கள், நடுவே நீல உட்கரு. எப்போதும் அதோடு நிறுத்திக்கொள்வேன். இப்போது அதன் மேல் கிடந்தவற்றைப் பார்த்தேன். புள்ளிகள். கோடுகள். சங்கிலிகள். ஓர் உயிரணுவை மூடி மொய்த்திருந்தன. எத்தனையோ ஆண்டுகளாக அழுக்கு என்று தள்ளிவிட்டுப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஆய்வுக்கூட உதவியாளர் ஆம்புரோஸ் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னா சார் இவ்ளோ நேரம் பாக்குறீங்க? ஆளக் காணோமா?"

"ஆள் அதிகமா இருக்கு."

அவர் கண்ணை வைத்துப் பார்த்தார். "அம்மாடி. இவ்ளோ ஜனமா? இவங்க எல்லாம் ஓட்டுப் போட்டா நீங்க எலெக்ஷன்ல ஜெயிச்சு ஒய்.பி. ஆயிடலாம் சார்."

மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். பிறகு கழிப்பறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன். மூன்று தடவை, நான்கு தடவை. கொப்பளித்தால் போகாது என்று அன்று பாடத்தில் நான்தான் சொல்லியிருந்தேன்.

*

வீரம்மா வெற்றிலையை விட்டுவிட்டாள். வெற்றிலைப் பெட்டியை என் கண் முன்னாலேயே பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தாள். காலையிலும் மாலையிலும் ஊதா மருந்து தடவினாள். உதடெல்லாம் ஊதா. கோமளா "கத்திரிக்கா வாய், கத்திரிக்கா வாய்" என்று சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஆனால் தனக்கென்று ஒரு தகரத் தட்டும் ஒரு குவளையும் கொண்டுவந்திருந்தாள். அவற்றைக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். கோமளாவுக்கு ஊட்டுவதை நிறுத்தினாள். அதுவரை கோமளா அவள் கையால் தவிர வேறு விதமாகச் சாப்பிட்டதில்லை. கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு அழுதது.

"சின்னம்மா கை வேணும்."

"கையில பூச்சி இருக்கு. போ, நீயே சாப்புடு."

கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சுவதும் நின்றது. கோமளா முத்தம் கொடுக்க வந்தால் முகத்தைத் திருப்பி உச்சந்தலையைக் காட்டினாள். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைத் திருப்பியபோது எனக்குள் ஏதோ ஓர் இறுக்கம் தளர்ந்தது. அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது.

மருந்து தீர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மழை என்றாள். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றாள். பிறகு, "ஆறிடுச்சு மச்சான்" என்றாள். வாயைத் திறந்து மூடினாள். நான் பார்த்தது ஊதா நிறத்தை மட்டும். மருந்து தீர்ந்த பிறகும் எப்படி ஊதா என்று கேட்டேன். கடையில் இன்னொரு சீசா வாங்கிக்கொண்டாளாம்.

"ஆறிடுச்சுன்னா டாக்டரே சொல்லட்டும்."

"ஆறலன்னா?"

"சின்னதா ஒரு துண்டு எடுப்பாங்க."

"அக்காவுக்கும் சின்னதாத்தான் எடுத்தாங்க." கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். "கத்தி பட்டதும் எப்படிப் பரவுச்சுன்னு நீங்க பாக்கலையா? நான் பாத்தேன்."

கத்தியால் பரவவில்லை, கத்தி வந்தபோதே தாடை எலும்புக்குப் போயிருந்தது என்று சொன்னேன். அவள் அடுத்த துணியை உதறினாள்.

அதற்குப் பிறகு ஒரு மாலை. கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, கூடத்தைத் தாண்டி மூச்சை இழுத்தேன். ஏதோ இருந்தது.

மிக லேசாக. சாக்கடையாக இருக்கலாம். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன். அலமாரியை நகர்த்தினேன், எலி செத்துக் கிடக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. குளோராக்ஸை ஊற்றிச் சாக்கடையைத் தேய்த்தேன். வீரம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் திரும்பி உள்ளே போகும்போது அவளைக் கடந்து போனேன்.

அது சாக்கடை இல்லை.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாளி விளிம்பில் உட்கார்ந்தேன். வெளியே கோமளா ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மாமனார் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வந்தார். கார்த்திகை முடிகிறது, பேசி முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம்.

"வீரம்மா, நீயும் உக்காரு" என்றேன்.

"நான் அப்பறம் சாப்புட்டுக்கிறேன்."

"உக்காரு."

தகரத் தட்டோடு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். வெறும் சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, சிறு உருண்டையாக உருட்டி, வாயோரத்தில் வைத்துத் தள்ளினாள்.

"என்னா புள்ள, கோழி மாரி கொத்துற? கறி எடுத்துப் போடு" என்றார் மாமனார்.

"பல்லு வலி."

"கல்யாணப் பொண்ணுக்குப் பல்லு வலின்னா மாப்பிள்ளைக்குச் செலவு மிச்சம்." அவரே சிரித்துக்கொண்டார்.

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

"வீரம்மா, மூணு விரல வை."

அவள் என்னைப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, விரல்களை அடுக்கி, வாய்க்குக் கொண்டுபோனாள். இரண்டு விரல் போனது. மூன்றாவது உதட்டோடு நின்றது. கொஞ்சம் முயன்றாள். கண்ணில் நீர் வந்தது. கையை எடுத்துவிட்டாள்.

மாமனாரின் சிரிப்பு நின்றது.

"என்ன பண்ணின? வெத்தலை போடுறியா?" என்று கேட்டேன்.

"சத்தியமா இல்ல."

"அப்புறம்?"

மாமனார்தான் பேசினார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "மருந்துதான் மாப்ளே. நாந்தான் செஞ்சு குடுத்தேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கரிய உருண்டைகள். காரமாக மூக்கில் ஏறியது.

"புகையிலையும் சுண்ணாம்பும். நல்லாக் கசக்கி ஊற வச்சி உருட்டுறது. தோட்டத்துல அட்டைக்குக் கால்ல தேச்சிக்கிட்டுப் போவோம்ல, அதே. என் கால்ல ஒரு அட்டை ஏறுனது கெடையாது. ஏறுனாலும் சுருண்டு விழுந்துரும். அட்டையே சாவுது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி சாவாதா? அந்த எடத்துலயே வச்சி அடக்கிக்கிட்டா போதும்."

"எப்ப இருந்து?"

"ஆஸ்பத்திரியில பூச்சின்னு சொன்ன அன்னிலேர்ந்து." அவர் பொட்டலத்தை மடித்தார். மடித்துக்கொண்டே சொன்னார், "நல்லம்மாளுக்கு யாரும் பூச்சின்னு சொல்லல மாப்ளே. சொல்லியிருந்தா அப்பவே வச்சிருப்பேன்."

டார்ச்சை எடுத்துவந்தேன். வீரம்மாவை சன்னலோரம் உட்கார வைத்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு திறக்கச் சொன்னேன். ஊதாச் சாயம் உதட்டோரத்தில் மட்டும் இருந்தது. வாய்க்குள் வெள்ளைத் திட்டு பெரிதாகியிருந்தது. அதன் நடுவே சிவப்பு. பச்சைப் புண்ணைப் போல, வழவழப்பாக. நாற்றம் நேராக முகத்தில் பட்டது.

தொட்டுப் பார்க்க வேண்டும். கெட்டியா என்று பார்க்க வேண்டும். என் கை போகவில்லை.

"நாளைக்குப் போறோம்" என்றேன்.

"தை வரைக்கும் விடுங்க மச்சான். செத்துரும்."

"எது?"

"பூச்சி."

"வீரம்மா, அது..."

"கல்யாணத்துக்கு முன்னால சாவணும். இல்லன்னா உங்களுக்கு வரும். இதுக்கு வரும்." கோமளாவைக் காட்டினாள். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எச்சி படாம இருக்க முடியுமா?"

மாமனார் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அது ஒட்டுற நோய் இல்ல" என்றேன்.

"அப்பறம் ஏன் மச்சான் வீட்டுக்குள்ள வாரப்ப மூச்ச அடக்குறீங்க?"

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

அவள் தட்டு பாயில் இருந்தது. பிசைந்த சோறு, பாதி தின்றது. அவள் வாயில் போய் வந்த விரல் பட்ட சோறு. நான் உட்கார்ந்து அந்தத் தட்டை என் பக்கம் இழுத்தேன்.

"மச்சான், வேணாம்."

ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன். வாய் மறுத்தது. நாக்கின் மேல் சோறு அப்படியே கிடந்தது. புள்ளிகள், கோடுகள், சங்கிலிகள். நல்லம்மாளின் கன்னத்துத் துளை. நான் படித்ததெல்லாம் எனக்குத் தெரியும். இது என்னை ஒன்றும் செய்யாது என்று தெரியும். தெரிந்தும் விழுங்க முடியவில்லை. மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். பிறகு விழுங்கினேன். இன்னொரு கவளம் எடுத்தேன்.

வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உனக்கு இருக்கிற கிருமி எனக்கும் இருக்கு. பள்ளிக்கூடத்துல பாத்தேன்" என்றேன். "அதைக் கொல்ல முடியாது. அதைக் கொல்றேன்னு நீ உன் கன்னத்தைத்தான் கொன்னுக்கிட்டு இருக்க."

கோமளா தன் தட்டை விட்டுவிட்டு வந்து என்னருகே உட்கார்ந்தாள். தகரத் தட்டைப் பார்த்தாள். எத்தனையோ நாளாகத் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்த தட்டு.

"எனக்கும்" என்றாள்.

தடுக்க என் கை எழுந்தது. அதைத் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"சின்னம்மா கையால" என்றாள் கோமளா.

வீரம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அது எவ்வளவு சிறிய அசைவு என்று எனக்கு நினைவிருக்கிறது. அவள் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள். பிறகு வந்து உட்கார்ந்து, பானையிலிருந்து புதுச் சோறு எடுத்துப் பிசைந்து, கறித்துண்டைப் பிய்த்து வைத்து ஊட்டினாள். பிள்ளை அவசர அவசரமாகத் தின்றது. ஒரு வாய் முடியுமுன் அடுத்த வாய்க்குத் திறந்தது.

ஊட்டி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "எத்தன மணி பஸ்?"

*

துண்டு எடுத்தார்கள். முடிவு வரும் வரை மாமனார் எங்கள் வீட்டிலேயே இருந்தார். பகலெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். ஒரு முறை கேட்டார்.

"நாந்தான் கெடுத்துட்டனா மாப்ளே?"

"தெரியல மாமா."

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. அவர் தலையசைத்தார். எழுந்துபோய்ப் பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தார்.

டாக்டர் லியோங் முடிவை என்னிடம் ஆங்கிலத்திலும் வீரம்மாவிடம் மலாயிலும் சொன்னார். இரண்டிலும் ஒன்றுதான். புற்று தொடங்கிவிட்டது. ஓரிடத்தில் மட்டும், மேல் தோலை விட்டுச் சற்றே கீழே இறங்கியிருக்கிறது. இப்போது வெட்டினால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை.

வீரம்மா மலாயில் கேட்டாள், கிருமி செத்துவிட்டதா என்று.

"இல்லை. சாகாது. நீ இருக்கும் வரை உன் வாயில் இருக்கும்" என்றார் டாக்டர். "நாம் பார்க்க வேண்டியது உன் தோலை."

அவள் அதை யோசித்தாள். "அப்ப வெட்டுங்க" என்றாள் தமிழில். டாக்டருக்குப் புரிந்தது.

அறுவைச் சிகிச்சை தையில் நடந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கன்னத்தில் ஒட்டினார்கள். கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கோமளா மட்டும் சின்னம்மா எப்போது வரும் என்று தினமும் கேட்டாள்.

புண் ஆறிய பிறகு மறு சோதனைக்குப் போனோம். வாய் சற்று இழுத்துக்கொண்டிருந்தது. பேச்சு கொஞ்சம் குழறியது. டாக்டர் பார்த்துவிட்டு, இந்த இடம் சுத்தமாக இருக்கிறது என்றார். ஆனால் அவள் வாயின் எந்த இடத்திலும் திரும்ப வரலாம். மறுபக்கத்தில், நாக்குக்கு அடியில், எங்கும். மாதத்துக்கு ஒரு முறை அவர் பார்ப்பார். நடுவில் வாரம் ஒரு முறை வீட்டில் யாராவது பார்க்க வேண்டும். கண்ணால் மட்டும் போதாது. விரலால்.

"யார் பார்ப்பீர்கள்?"

வீரம்மா என் பக்கம் திரும்பவில்லை. நான் எழுந்துபோய்க் கையைக் கழுவினேன்.

டாக்டர் விளக்கை இழுத்து அவள் வாய்க்கு நேரே வைத்தார். ஒரு விரல் உள்ளே, கட்டை விரல் வெளியே கன்னத்தில், இரண்டுக்கும் நடுவே சதையை மெல்ல அழுத்தி உருட்ட வேண்டும். மெத்தென்று இருந்தால் நல்லது. கூழாங்கல் போல ஏதாவது நின்றால், சின்னதாக இருந்தாலும், அன்றே வர வேண்டும். என் விரலைப் பிடித்து உள்ளே வைத்தார்.

சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. வீரம்மாவின் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேனா என்று அவள் கண்கள் என் முகத்தில் தேடின. நான் மூச்சை இழுத்தேன். மருந்து வாசனை. அதற்கு அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

"அழுத்துங்கள்" என்றார் டாக்டர்.

அழுத்தினேன். மெத்தென்று இருந்தது. விரலைச் சற்று நகர்த்தி, அடுத்த இடத்தை அழுத்தினேன்.